கோபுரம் கட்டும் முன் கணக்குப் பார்ப்போம்

கல்வி கண் போன்றது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு என்ற கேள்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில்தான் விடை தேடுகிறோம். முதல் மூன்று இடங்களைப் பெறும் தோழியருக்கு வழி சொல்லப் பலர் உண்டு. 600க்கு 350, 380 என வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு யார் சொல்வது? ஆகவே நாங்களே சில கருத்துகளை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் வட்டாரத்தில் இக்கேள்வி மிகவும் அவசரமானது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இன்று சுங்குவார்சத்திரத்திலும் ஆலைகள் நிறைந்துள்ளன. பள்ளி முடித்த பெண்ணுக்கு அடுத்த மாதமே சம்பளம் என்றால், கடன்பட்ட குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல்தான். அவ்வுழைப்பை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. எங்களில் பலரின் வீட்டில் உலை கொதிப்பதே ஆலைச் சம்பளத்தால்தான். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பள்ளிப் படிப்போடு அங்கே சேர்ந்திருந்த பெண்கள் பலர், அதே சான்றிதழுடன் மீண்டும் வேலை தேட நேர்ந்தது. ஆலை மூடினாலும் பட்டம் நம் கையில் இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தேர்வு முடிவு வருமுன்பே முன்பணம் கட்டி, பெரிய பெயருள்ள கல்லூரியில் இடம் பிடித்துவிடுவது! முதலாண்டுக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போகிறது. இரண்டாம் ஆண்டுக்கு நிலம். மூன்றாம் ஆண்டில் பணம் இல்லை. பெண் வீடு திரும்புகிறாள். பட்டமும் இல்லை, நகையும் இல்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பணம் உண்டா என்று கணக்குப் பார்ப்பான் என நம் ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். கல்லூரிக்கும் அது பொருந்தும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டு மகிழாமல், கடைசி ஆண்டு வரையிலான கட்டணம், விடுதி, பேருந்து, தேர்வுச் செலவு அனைத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நடுத்தர மதிப்பெண்ணுக்கும் நல்ல வழிகள் தென்படுகின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை. பிற கட்டணங்களும் சிறு தொகையே. செங்கல்பட்டில் இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியும், காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் மகளிர் கல்லூரியும் நமக்கு அருகிலேயே உள்ளன. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தரமணியில் பெண்களுக்கென்றே தருமாம்பாள் அரசினர் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தபின், விரும்பினால் பொறியியல் பட்டப் படிப்பிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம் ஊர் ஆலைக்கே மேற்பார்வையாளராகப் போகும் பாதை அது.

பொறியியல்தான் வேண்டும் என்போர் கலந்தாய்வுக்குக் காத்திருப்பது நலம். அவ்வழியே சேர்ந்தால் அரசுக் குழு நிர்ணயித்த கட்டணம்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், 2010 முதல் வழங்கப்படும் பயிற்றுக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியே சேர்வோருக்குத்தான். சென்ற ஆண்டு எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற பட்டியலைப் பார்த்தால், நமக்கு எட்டக்கூடியவை எவை என்று தெரிந்துவிடும்.

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024-25ஆம் கல்வியாண்டு முதல் நம் பள்ளி போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் ரூ. 1,000 என்றால் மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு ரூ. 36,000. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் இது போதுமான துணையல்லவா?

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பக்கத்து வீட்டார் கேட்டால் சொல்லிக்கொள்ளப் பெயர் வேண்டும் என்று கல்லூரி தேடாதீர்கள். அண்ணன் தம்பிக்கு மட்டும் படிப்புச் செலவு, பெண்ணுக்கு ஆலைப் பேருந்து என்றும் பிரித்துவிடாதீர்கள். உங்களால் இயன்றது எவ்வளவு என்பதை எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள். அதற்குள் அடங்கும் கல்லூரியை நாம் சேர்ந்தே தேடுவோம்.

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் ஒன்று கேட்கிறோம். மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டது. நம் அறிவிப்புப் பலகையிலும் முதல் மூன்று பெயர்களோடு, நடுத்தர மதிப்பெண் பெற்ற நம் முன்னாள் மாணவியர் எந்தெந்தக் கல்லூரியில் சேர்ந்தனர், முழுச் செலவு எவ்வளவு ஆயிற்று என்ற விவரமும் இடம்பெறட்டும். விண்ணப்பிக்கும் நாட்களில் ஓர் ஆசிரியை உடனிருந்து உதவினால், கணினி இல்லாத வீட்டுப் பெண்ணும் தவறின்றி விண்ணப்பிப்பாள்.

தோழியரே, ஒரு தாலந்து பெற்றவன் அதை மண்ணில் புதைத்ததுதான் குற்றமாயிற்று. குறைவாகப் பெற்றது குற்றமன்று. சிறிய கல்லூரியானாலும் சேர்ந்து, இறுதித் தேர்வு வரை எழுதி முடிப்போம்.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்