நடைபாதை யாருக்குப் பாதுகாப்பளிக்கிறது? நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோரை நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரும் கண்புரையால் பார்வை மங்கியவரும் வாகனங்களுக்கு இடையே நடக்க நேர்ந்தால், நலம் தரவேண்டிய நடையே ஆபத்தாகிவிடும்.

சென்னையில் நடந்த மாற்றம்

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. தியாகராய நகர் பாண்டி பசாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கு நடைபாதை அகலமாக்கப்பட்டு, வாகனங்களுக்கான இடம் குறைக்கப்பட்டது; இருக்கைகளும் அமைக்கப்பட்டன. மூட்டுவலி உடையோர் இடையிடையே அமர்ந்து நடக்க இது உதவுகிறது.

பாதுகாப்பு எதனால் கூடுகிறது?

வாகனங்களின் சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால், உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம் உயரும் என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. எனவே நடைபாதையுடன் வேகக் கட்டுப்பாடும் தேவை. மிதிவண்டிக்கெனச் சாலையில் கோடு வரைவதால் மட்டும் வாகனங்கள் விலகிச் செல்வதில்லை. இடையே தடுப்பு வேண்டும்.

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்றும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. நடுவில் ஒரே ஒரு வாகனம் நிறுத்தப்பட்டிருந்தாலும், சக்கர நாற்காலியில் செல்பவர் சாலையில் இறங்க நேரிடும்.

ஆரணிக்கு இதன் பொருள்

ஆரணி போன்ற பட்டு நெசவு நகரங்களில் பாவு நீட்டுவோர், மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவர்கள், இருசக்கர வாகனங்கள் என அனைவருக்கும் ஒரே தெருதான். நெடுநேரம் தறியில் அமர்ந்து முதுகுவலியும் முழங்கால்வலியும் கண்டவருக்கு உயரமான விளிம்பில் ஏறுவது கடினம். ஆகவே மருத்துவமனை, பேருந்து நிலையம், சந்தை ஆகியவற்றை இணைக்கும் சிறு தொலைவேனும் இடைவெளியின்றி அமைவதே முதல் தேவை. தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்தியுள்ளது. நடைபாதை அடைபட்டிருந்தால் நகராட்சியிடம் முறையிடலாம்.

நீங்கள் செய்யவேண்டியவை

• நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு வலப்புறம் நடக்கவும்.
• விடியலிலும் இரவிலும் வெளிர்நிற உடை அணியவும்.
• பார்வை மங்கியவரைச் சாலையின் பக்கம் விடாமல், பராமரிப்பாளர் அப்பக்கத்தில் நடக்கவும்.
• நீரிழிவு உடையோர் செருப்பின்றி நடக்கவேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தில் புண் உள்ளதா எனப் பார்க்கவும்.

விபத்து நேர்ந்தால்

உடனே 108ஐ அழைக்கவும். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, அரசு வரையறுத்த தொகைவரை, கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. ஆகவே அச்சமின்றி உதவுங்கள்.