அசோலாவை மிதக்கவிட்டால் மட்டும் போதுமா?

ஒரகடம் தொழிற்சாலைகளைத் தாண்டி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற பக்கம் இன்னும் நெல் வயல்கள் இருக்கின்றன. அங்கே நாற்று நட்டவர்களுக்கும் நம் ஊர் விவசாயிகள் எல்லோருக்கும் பயன்படும் கேள்வி இது: அசோலா போட்டால் நெல்லுக்குத் தழைச்சத்து எப்படிப் போய்ச் சேருகிறது?

இலைக்குள் ஒரு குடித்தனம்

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ஆனால், செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அசோலா, தண்ணீரில் மிதக்கும் குட்டிப் பெரணி. அதன் இலைப் பொந்துக்குள் அனபீனா என்கிற நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது. அதுதான் நைட்ரோஜினேஸ் என்ற நொதியால் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது.

தனியாக வாழும் பாசி, அந்த அம்மோனியாவைத் தானே பயன்படுத்திக்கொள்ளும். அசோலாவுக்குள் இருக்கும் பாசியிடமோ, அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் 'குளூட்டமின் சிந்தடேஸ்' நொதி குறைந்துவிடுகிறது. அதனால் அம்மோனியாவின் பெரும்பகுதி வெளியே கசிகிறது. பெரணி தன்னுடைய நொதியால் அதைப் பிடித்து, முதலில் குளூட்டமின், பிறகு மற்ற அமினோ அமிலங்கள், கடைசியில் புரதம் என்று மாற்றிக்கொள்கிறது. இதற்கு வாடகையாகப் பாசிக்குச் சர்க்கரை கொடுக்கிறது.

நெல்லுக்கு எப்போது?

இங்கேதான் கவனம் தேவை. அந்தத் தழைச்சத்து இப்போது அசோலாவின் உடம்பில் புரதமாக இருக்கிறது. அசோலா மிதக்கும்வரை நெல்லுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. சேற்றில் மிதித்துவிட்டால், அது மட்கி, புரதம் மறுபடி அம்மோனியமாக உடையும். நெல்லின் வேர் அதை உறிஞ்சி, அதே வகை நொதியால் குளூட்டமினாக மாற்றும். அப்போதுதான் பயிர் பச்சை கட்டும்.

கணக்கு இதுதான்

10 டன் பச்சை அசோலாவில் சுமார் 25 கிலோ தழைச்சத்து இருக்கும். ஏக்கருக்கு 4 டன் மிதித்தால் 10 கிலோ. அதாவது, 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய பாதி.

மறக்காதீர்கள்

* வயல் முழுக்கப் பாய் விரித்ததுபோல் படர்ந்ததும், தண்ணீரை வடித்துவிட்டு, காலாலோ கோனோவீடராலோ சேற்றில் அமுக்குங்கள்.
* அசோலா வளர மணிச்சத்து வேண்டும். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள்.
* கடும் வெயில் அதற்கு ஆகாது. கோடையில் நிழலில் ஒரு தொட்டியில் விதைக்கென்று காப்பாற்றி வையுங்கள்.
* மிஞ்சியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடலாம். பாசி சேர்த்துக் கொடுத்த அதே நைட்ரஜன்தான் அங்கே புரதத் தீவனம்!