ஊட்டியில் பிறந்த பிலிம் எங்கே போயிற்று?

திண்டுக்கல் மாவட்டம், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரைப் பாருங்கள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். கறுப்பு-வெள்ளைப் படம். ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகியும் முகம் தெளிவாக இருக்கும்.

காரணம், வெள்ளி!

பிலிமிலும் படத்தாளிலும் பூசியிருப்பது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடம், மருந்தில் நனைந்ததும் கறுப்பு வெள்ளித் துகளாக மாறிவிடும். கலர் படத்தில் இருப்பதோ சாயம். சாயம் வெளுக்கும். வெள்ளி எளிதில் வெளுக்காது.

இப்பொழுது இளைஞர்கள் சிலர், பரணில் கிடந்த காமிராவைத் துடைத்து எடுக்கிறார்கள். பிலிம் வேண்டுமே! இங்கிலாந்தின் இல்போர்டு கிடைக்கிறது. அமெரிக்காவின் கோடக் கிடைக்கிறது. இந்தியப் பிலிம்?

இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே!

1960-ல் மத்திய அரசு, ஊட்டியில் "இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" நிறுவனத்தைத் தொடங்கியது. குளிர், தூசியற்ற காற்று, நல்ல தண்ணீர் மூன்றும் அங்கே உண்டு. பிரான்சு நாட்டுக் கம்பெனி தொழில் கற்றுக் கொடுத்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். பிலிமின் பெயர் "இந்து". அதாவது நிலவு. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து போயிற்று.

அந்த ஆலை ஏன் மூடப்பட்டது?

டிஜிட்டல் காமிரா வந்ததால் என்பார்கள். அது பாதி உண்மைதான். டிஜிட்டல் காமிரா நம் கடைத்தெருவுக்கு வருமுன்பே, 1990-களிலேயே ஆலை நலிந்துவிட்டது. மக்கள் கலருக்கு மாறினார்கள். 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. புதிய எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது.

இல்போர்டும் 2004-ல் நொடித்துப் போனதுதான். ஆனால் அதன் நிர்வாகிகள் சிலர் சேர்ந்து கறுப்பு-வெள்ளைப் பிரிவை மட்டும் விலைக்கு வாங்கி, சிறிய அளவில் நடத்தினார்கள். இன்றும் ஓடுகிறது. ஊட்டியில் அப்படி நடக்கவில்லை.

அதனால் இன்று ஒவ்வொரு சுருளும் கடல் கடந்து வருகிறது. விலையும் அதிகம். வீணாக்கலாமா?

வெயிலில் எடுக்க 100 அல்லது 125 எண் பிலிம் போதும். நிழலுக்கும் கல்யாண வீட்டுக்கும் 400.

கழுவுவது வீட்டிலேயே முடியும். டெவலப்பர், ஹைப்போ என்று இரண்டு மருந்து, பிறகு தண்ணீர். பிலிமைச் சுருளிலிருந்து எடுத்து டப்பாவில் மாட்டும்வரை கும்மிருட்டு வேண்டும். சிவப்பு விளக்குகூடக் கூடாது. அது படத்தாளுக்குத்தான்.

சமவெளியில் உண்மையான எதிரி சூடு. டெவலப்பருக்குரிய சூடு 20 டிகிரி. சித்திரை மாதக் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தாண்டும். அதில் கழுவினால் படம் அளவுக்கு மீறிக் கறுக்கும். பிலிமின் பூச்சும் இளகும். மருந்துப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி வைக்க வேண்டும். மருந்துக்குள்ளேயே ஐஸைப் போட்டுவிடக் கூடாது.

வேலை முடிந்த ஹைப்போவை வாய்க்காலில் கொட்டக் கூடாது. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. முன்பு ஸ்டூடியோக்காரர்கள் அதைச் சேர்த்து வைத்துக் காசாக்கினார்கள்!