ஏன் என்று கேட்டால் என்ன?

ஜூன் மாதம். ஏழாம் வகுப்பில் முதல் கணக்குப் பாடவேளை. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருமாம். “ஏன் சார்?” என்று ஒருவன் எழுகிறான். “விதி அப்படி, உட்கார்!” அவ்வளவுதான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வாய் திறப்பதில்லை.

இது சரியா? பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே மிகை எண்ணைச் செல்வம், குறை எண்ணைக் கடன் என்று கொண்டு இவ்விதிகளை எழுதிவிட்டார். ஆயினும், 1758-இல் மசேர்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் குறை எண்களை ஏற்க மறுத்து ஒரு நூலே எழுதினார்! அவருக்கு வந்த சந்தேகம் பன்னிரண்டு வயதில் வரக்கூடாதா?

-3ஐ முறையே 2, 1, 0 ஆல் பெருக்குங்கள்: -6, -3, 0. ஒவ்வொரு படியிலும் 3 கூடுகிறது. அடுத்து -1ஆல் பெருக்கினால்? 3 தானே! கரும்பலகையில் இதை எழுத ஐந்து நிமிடம் போதும். வாய்ப்பாடு ஒப்பிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.