ஒரே உத்தரவு, வேறு வேறு அதிகாரிகள்

“மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய முடியும்?” போர்க்குற்ற வழக்குகளில் ராணுவ அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம் இது. 1956 அக்டோபர் 29 இந்த வாதத்தை உடைத்துப்போட்டது. சினாய்ப் போர் தொடங்கிய அன்று, இஸ்ரேலின் எல்லையோர அரபு ஊர்களில் மாலை 5 மணி முதல் ஊரடங்கு. வெளியே தென்படுகிறவர்களைச் சுடும்படி எல்லைக் காவல் படையின் மேஜர் மாலிங்கி தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். ஊரடங்கு பற்றித் தெரியாமல் வேலையிலிருந்து திரும்புகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டபோது, கடவுள் அவர்களுக்கு இரங்கட்டும் என்ற பாணியில் பதில் வந்தது. அந்த ஊர்களில் ஒன்றான கஃபர் காசிமின் தலைவருக்குச் செய்தி எட்டியதே நாலரை மணிக்குத்தான். பல நூறு பேர் வெளியே வேலைக்குப் போயிருக்கிறார்களே என்று அவர் முறையிட்டார். பெண்களும் சிறுவர்களும் உட்பட, வீடு திரும்பிக்கொண்டிருந்த ஏறக்குறைய 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே உத்தரவு பக்கத்து ஊர்களுக்கும் போயிருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த அதிகாரிகள் பெரும்பாலும் மக்களை வீடு போய்ச் சேரவிட்டார்கள். இப்படியொரு படுகொலை அங்கே நடக்கவில்லை. அப்படியானால், கஃபர் காசிமில் அத்தனை உயிர்களைப் பறித்தது உத்தரவு மட்டும்தானா?

ஒவ்வொரு அதிகாரியும் உத்தரவை எடைபோட்டுக்கொண்டிருந்தால் ராணுவம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குண்டு பாயும் இடத்தில் விவாதத்துக்கு நேரமில்லை. இந்தப் படுகொலை வழக்கில் 1958இல் தீர்ப்பளித்த நீதிபதி பெஞ்சமின் ஹாலெவி அந்தக் கவலையை ஒதுக்கிவிடவில்லை. சந்தேகத்துக்கிடமான உத்தரவையெல்லாம் மீறச் சொல்லாமல், கறுப்புக் கொடி கட்டியதுபோல் பார்த்த மாத்திரத்தில் குற்றமென்று தெரியும் உத்தரவுக்கு மட்டும் கீழ்ப்படியக் கூடாது என்றார். கோடு குறுகியதுதான். சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியைச் சுடுவது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. பக்கத்து ஊர் அதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்தது.

எனக்கு உறுத்துவது தீர்ப்பு அல்ல, அதன் பிறகு நடந்தது. மாலிங்கிக்கு 17 ஆண்டு சிறை என்றார்கள், பிறகு குறைத்தார்கள். 1960க்குள் தண்டிக்கப்பட்ட எட்டுப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மேலே இருந்த கர்னல் ஷட்மியைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்த நீதிமன்றம், அதிகார வரம்பை மீறியதற்காக அவருக்கு விதித்த அபராதம் வெறும் 10 புருட்டா, அதாவது ஒரு இஸ்ரேலியப் பவுண்டில் நூற்றில் ஒரு பங்கு.