"கவனமா எழுது" என்டு சொன்னா போதுமா?

கொம்பனித்தெருவில நான் இருக்கிற அறைக்கு ஜூனியர் பிள்ளைகள் சிலர் சி அசைன்மென்டோட வருவாங்க. திருத்தினவர் எழுதின குறிப்பு அநேகமா ஒன்றுதான்: "மெமரியை விடுவிக்கவில்லை. கவனம்!" கோடைப் பார்த்தா, ஃபைல் திறபடாவிட்டால் நடுவிலேயே ஒரு ரிட்டர்ன். அதுக்கு முதல் மேலாக் பண்ணின மெமரி அப்படியே கிடக்கும்.

இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். மறக்க வைக்கிற முறையைப் படிப்பிச்சிட்டு, மறந்தவரைக் குறை சொல்றோம்.

பெரிய மென்பொருளிலும் இதே கதைதான். கொழும்பில இருந்த பொறியியலாளர்கள் முன்னின்று எழுதின அப்பாச்சி ஆக்சிஸ்2/சி 2007இல் 1.0 பதிப்பாக வந்தது. அதில ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனி ஃப்ரீ ஃபங்ஷன். பிழை எந்த வரியில வந்தாலும், அதுவரை உருவாக்கினதை எழுதுபவரே நினைவு வைத்து விடுவிக்க வேணும்.

வழக்கமான தீர்வு கோட்டூ. பிழை வந்தால் கடைசியில இருக்கிற லேபிளுக்குப் பாய்ந்து, அங்கே எல்லாத்தையும் விடுவிக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனா 2014இல் அப்பிளின் எஸ்எஸ்எல் கோடில ஒரு கோட்டூ வரி தவறுதலா இரண்டு தரம் விழுந்திருந்தது தெரியவந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்காமலே "சரி" என்று பதில் போயிருக்கு.

ஜிசிசியிலும் கிளாங்கிலும் கிளீன்அப் அட்ரிபியூட் என்றொன்று பல வருசமா இருக்கு. மாறியை அறிவிக்கிற வரியிலேயே, ஸ்கோப் முடியும்போது எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேணும் என்று எழுதிவிடலாம். ரிட்டர்ன் எங்கே வந்தாலும் கம்பைலர் கூப்பிடும். சிஸ்டம்டி முழுக்க இதைப் பாவிக்குது. லினக்ஸ் கேர்னலும் 2023இல், 6.5 பதிப்பில, இதுக்கான வசதியைச் சேர்த்தது.

குறையும் இருக்கு. மைக்ரோசொஃப்ட் கம்பைலரில இது ஓடாது. எக்ஸிட், லோங்ஜம்ப் வழியாக வெளியேறினால் வேலை செய்யாது. பொயின்டரை வெளியே கொடுக்கிறதெண்டா முதலில பிரதி எடுத்து, மாறியை நல் ஆக்க வேணும். இல்லாட்டி விடுவிச்ச மெமரியைத்தான் கொடுப்போம். அந்த மெமரிக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்குக் கம்பைலர் பதில் சொல்லாது.

படிப்பிக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். முதல் மாதம் ஃப்ரீயைக் கையால எழுதிப் பழகட்டும். பிறகு இந்தக் கருவியையும் அதன் குறைகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. "கவனம்" என்ற சிவப்பு மை மட்டும் ஒருத்தரையும் புரோகிராமர் ஆக்காது.