ஏரியை இழந்த ராஜதானி

மழை பெய்தால் குடையைத் தேடுவதும், மழை பொய்த்தால் குறை சொல்ல ஆள் தேடுவதும் நம்மவர் வழக்கம். ஏரியைத் தேடுகிறவர்கள் மட்டும் எந்தக் காலத்திலும் அபூர்வம். சென்ற வாரம் நாம் ஓர் ஏரியைத் தேடிக்கொண்டு போனோம். அந்தச் சமாசாரத்தைத்தான் இன்று நேயர்களிடம் சொல்லப் போகிறோம்.

ஏரிக்கரையில் ஒரு பெரிய பட்டணம். அதன் வாசல்களுக்கும் பெருவழிகளுக்கும் அரசர்களின் பெயர்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பீங்கான் கிண்ணங்கள் அரண்மனையில். மேற்கே, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இப்படி ஓர் ஊரை ஒரு கதாசிரியர் கற்பனை செய்து எழுதினால், "பலே! என்ன அபாரமான மூளை!" என்று நாம் மெச்சிக் கொள்வோம். அந்த ஊர் உண்மையாகவே நம் அரியலூர் ஜில்லாவில் இருந்தது என்று யாராவது சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுவோம். இந்த வாரமாவது புரட்டாமல் இருக்கும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், கொள்ளிடத்து அணைக்கரையை அடைவதற்குச் சற்று முன்னால் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவாகவும், பிறகு பெரம்பலூர் ஜில்லாவாகவும் இருந்த பகுதி இது. 2007-ஆம் ஆண்டு முதல் அரியலூர் ஜில்லா. ஜில்லாவின் பெயர் எத்தனை முறை மாறினாலும், கோயிலின் விமானம் மட்டும் ஆயிரம் வருஷமாக அதே இடத்தில் நின்று, சாலையில் போவோரையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கிறது. தஞ்சை விமானத்தைவிட இது சற்று உயரம் குறைந்தது. ஆனால் தஞ்சையில் நேர்கோடாக ஏறும் விமானம் இங்கே மெல்ல வளைந்து, நளினமாக மேலே போகிறது. தந்தை கட்டியது கம்பீரம் என்றால், மகன் கட்டியது சௌந்தரியம்.

மகன் என்று நாம் சொன்னது முதலாம் ராஜேந்திர சோழனை. 1014 முதல் 1044 வரையில் ஆட்சி செய்த இந்த மன்னனுடைய சேனை வடக்கே கங்கை வரையில் சென்று மீண்டது. 1025-ஆம் ஆண்டை ஒட்டி அவனுடைய கப்பற்படை கடல் கடந்து ஸ்ரீவிஜய ராஜ்யத்தையும் கடாரத்தையும் தாக்கியது. கங்கை வெற்றியின் ஞாபகமாகவே அவன் புதிய ராஜதானியை நிர்மாணித்தான். தஞ்சாவூர் போன்ற வளமான நகரத்தை விட்டுவிட்டு இந்த மேட்டு நிலத்துக்கு ஏன் வந்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். காவிரிப் படுகையின் நன்செய் நிலத்தை நகரத்துக்காக அழிக்க அவன் விரும்பவில்லை என்பது ஒன்று. வடக்கே சாளுக்கியர்களுடன் ஓயாத சண்டை இருந்ததால், கொள்ளிடத்துக்கு வடகரையில் ராஜதானி இருப்பது சௌகரியம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் மேட்டு நிலத்தில் ஊரை அமைத்தால் தண்ணீருக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு ராஜேந்திரன் அளித்த பதில்தான் சோழகங்கம் என்னும் ஏரி. இப்போது ஜனங்கள் அதைப் பொன்னேரி என்கிறார்கள். வெற்றி பெற்ற அரசர்கள் கல்லிலே தூண் நாட்டுவது வழக்கம். இவன் தண்ணீராலேயே ஜயஸ்தம்பம் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. கங்கையிலிருந்து கொண்டுவந்த புனித நீர் இந்த ஏரியில் சேர்க்கப்பட்டது என்பது வரலாறு. உலகத்தில் எத்தனையோ வெற்றித் தூண்கள் உண்டு. குடியானவனின் வயலுக்குப் பாய்ந்த வெற்றித் தூண் வேறு எங்காவது உண்டா என்று நமக்குத் தெரியவில்லை!

ஏரி மேற்கே உயரத்தில். ஊர் கிழக்கே தாழ்வில். இதுதான் திட்டம். 1855-ஆம் ஆண்டில் அச்சான ஒரு கெஜட்டியர் இந்த ஏரியைப் பற்றிச் சொல்லும் விவரம் பிரமிப்பூட்டுவது. கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீளம். அதில் உறுதியான மதகுகள் பல. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரு கால்வாயும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறிய கால்வாயும் அதற்கு நீர் கொண்டுவந்தன. ஆக, ஒரே ஏரிக்கு இரண்டு நதிகளின் உபசாரம்! ஒரு நதி பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அரசனுடைய பெயர் போதும் என்று இருந்து விட்டார்கள் போலும்.

இனி ஊருக்குள் போவோம். இன்றைய கிராமங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு நடந்தாலே பழைய நகரத்தின் பேட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் எழுகின்றன. உட்கோட்டை என்று ஒரு கிராமம். உள்ளே இருந்த கோட்டை அது என்று பெயரே சொல்கிறது. அதை அடுத்து மாளிகைமேடு. அரண்மனை இருந்த மேடு. ஆயுதக்களம் என்று ஓர் ஊர். சேனையின் வாளும் வேலும் அங்கே இருந்திருக்கும். மெய்க்காவல்புத்தூர் என்று மற்றொன்று. அரசனின் மெய்க்காவலர்கள் குடியிருந்த இடம். சுண்ணாம்புக்குழியில் கோட்டைக்கும் மாளிகைக்கும் சுண்ணாம்பு அரைத்திருக்க வேண்டும். இப்போது அந்த ஊர்களில் முந்திரியும் நெல்லும் விளைகின்றன. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். தாங்கள் போகும் வழி ஒரு சக்கரவர்த்தியின் படைவீதி என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்களா?

கல்வெட்டுகள் இன்னும் சில விவரங்களைத் தருகின்றன. நகரத்தின் தென்புற வாசலுக்கு வேம்புகுடி வாசல் என்று பெயர். வேம்புகுடி என்ற கிராமம் தெற்கே இன்றும் இருக்கிறது. ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் சாலைகள் இருந்தன. இவற்றோடு, "கூழையானை போன பெருவழி" என்று ஒரு சாலை. கூழையானை என்றால் குட்டையான யானை. சக்கரவர்த்திகளுக்குச் சமமாக ஒரு குட்டை யானைக்கும் சாலை மரியாதை கிடைத்த நகரம் அது! அந்த யானை எப்போது, எதற்காக அந்த வழியே போயிற்று என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஊராருக்கு அப்போது தெரிந்திருந்தது; அது போதும் என்று எண்ணியிருப்பார்கள்.

வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருந்த அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை என்று குறிப்பிடுகிறது. மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் 1980-ஆம் ஆண்டு தொடங்கிச் சில முறையும், பிறகு 2021-ஆம் ஆண்டு முதல் மறுபடியும் தோண்டிப் பார்த்தார்கள். கனமான செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் ஓடுகள் ஆகியவை கிடைத்தன. உடைந்த பீங்கான் ஓடுகள் பார்வைக்கு அற்பமானவைதான். ஆனால் அந்த ஓட்டின் பின்னால் நாகப்பட்டினத்துத் துறைமுகமும், மலாய்க் கடலும், சீனத்துச் சூளையும் வரிசையாக நிற்கின்றன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுக் கோஷ்டிகள் சீனச் சக்கரவர்த்தியின் சபைக்குச் சென்றதைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1077-இல் போனவர்கள் 72 பேர். அவர்கள் கொண்டுபோன காணிக்கைக்குப் பதிலாக 81,800 கோவைச் செப்புக் காசுகள் கிடைத்தனவாம். தூது என்றும் சொல்லலாம். வியாபாரம் என்றும் சொல்லலாம். அப்போது இந்த ராஜதானியில் ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். வியாபாரிகளிடம் வாங்கிய சுங்கத்தை நீக்கியதால் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர் பெற்றவன். 1088-இல் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கூட்டத்தார் சுமத்ரா தீவின் பாரூஸில் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். தமிழனுடைய தராசு அவ்வளவு தூரம் போயிருந்தது.

இத்தகைய நகரம் ஏறக்குறைய 250 வருஷம் வாழ்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் தலையெடுத்தார்கள். 1279-ஆம் ஆண்டோடு சோழர் ஆட்சி முடிந்தது. படையெடுத்து வந்த சேனை ஒன்று வேண்டுமென்றே ஏரிக்கரையை உடைத்தது என்று ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததைப் பழைய கெஜட்டியரும் குறித்திருக்கிறது. அது மெய்யோ பொய்யோ, ஏரி தூர்ந்து காடாகிவிட்டது மெய். அரண்மனைச் செங்கல்லைப் பிற்காலத்தார் வீடு கட்டப் பெயர்த்துக் கொண்டு போனார்கள் என்பதும் மெய்.

அதற்கும் பிறகு நடந்ததுதான் நம் மனத்தை அதிகமாக வருத்துகிறது. 1836-இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டியிருந்தது. அருகே மலை இல்லை. கோயிலின் மதில் இருந்தது! மதிலைப் பிரித்துக் கல்லை வண்டியில் ஏற்றினார்கள். தடுக்க முயன்ற ஊர் ஜனங்களுக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குறுதி மட்டும் கொடுக்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் வாக்குறுதி எவ்வளவு பெறும் என்பது நேயர்கள் அறியாததல்ல.

ஆயினும் நியாயத்தை முழுவதும் சொல்லிவிட வேண்டும். அந்த அணையால் டெல்டாவுக்குப் பாசனம் செழித்தது. அணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரியாகிய அந்த வீராணத்திலிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீர் வருகிறது. அதாவது, சென்னையில் ஒரு டம்ளர் வீராணம் தண்ணீர் அருந்துகிறவர், கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல்லுக்குக் கடன்பட்டவர். ஒரு சோழ ஏரி பிழைத்தது. அதற்கு மற்றொரு சோழ ஊர் தன் மதிலைக் கொடுத்தது. ஆனால் மதிலைக் கொடுத்த ஊரின் ஏரிக்கு யார் என்ன திருப்பிக் கொடுத்தார்கள்?

கோயிலைச் சேவித்துவிட்டு நாம் மேற்கே நடந்தோம். கரை என்று சொல்லத்தக்க ஒரு மண் மேடு. அதன்மேல் முதியவர் ஒருவர் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தார்.

"பெரியவரே, சோழகங்கம் ஏரிக்கு எப்படிப் போகவேணும்?" என்று விசாரித்தோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "அதன் கரைமேலேயே நின்னுக்கிட்டுக் கேட்கிறீங்களே, ஐயா!" என்றார்.

வெட்கத்துடன், "தண்ணீரைக் காணோமே!" என்றோம்.

"ஏரி இருந்த இடத்திலேதான் இருக்குதுங்க. தண்ணிக்குத்தான் வழி மறந்து போச்சு" என்று சொல்லி, ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. ஏரி என்பது குழி அல்ல, வழி. கொள்ளிடத்திலிருந்து வந்த கால்வாயும் வெள்ளாற்றிலிருந்து வந்த கால்வாயும் உயிரோடு இருந்த வரையில்தான் ஏரிக்கு உயிர். கரையை மட்டும் அழகு செய்து, படித்துறை கட்டி, விளக்குப் போட்டுவிட்டால் ஏரி நிரம்பிவிடாது. வரத்துக் கால்வாய்களைக் கண்டுபிடித்துத் தூர் வாரி, ஆக்கிரமிப்பை நீக்கி, முட்செடியை வேரோடு களைந்தால்தான் சோழகங்கம் மறுபடியும் சோழகங்கமாகும்.

கோயிலுக்கு இப்போது குறைவில்லை. 2004-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஆடித் திருவாதிரைக்கு, கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று பெரிய கொண்டாட்டம் நடந்தது. பிரதம மந்திரியே வந்திருந்தார். அதே சமயத்தில் தமிழ்நாடு அரசு சோழகங்கத்தைச் சீரமைக்கப் போவதாகவும் அறிவித்தது. மிகவும் சந்தோஷம். ஆனால் முன்னொரு காலத்தில் இதே ஊருக்குச் செங்கல் மதில் வாக்குறுதி கொடுக்கப்பட்டதை நாம் இப்போதுதான் சொன்னோம். அன்று கொடுத்தவர்கள் அந்நியர். கேட்க நமக்கு வாயில்லை. இன்று கொடுப்பவர்களும் நாமே, கேட்க வேண்டியவர்களும் நாமே.

ஆகையால், அடுத்த முறை கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்கோ ஸ்வாமி தரிசனத்துக்கோ போகும் நேயர்கள், குழந்தைகளுடன் வழியில் இறங்கி விமானத்தைப் பார்க்கட்டும். பிறகு மேற்கே கொஞ்சம் நடந்து கரையையும் பார்க்கட்டும். "தண்ணீர் எங்கே, அப்பா?" என்று குழந்தை கேட்கும். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனை தகப்பனார்கள் தலை குனிகிறார்களோ, அவ்வளவு சீக்கிரம் அந்த ஏரி நிரம்பும் என்பது நம்முடைய நம்பிக்கை.